கை ஓடாத நாட்கள்

புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களை நடத்தும்போது மாணவிகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: அறுந்தது யாருடைய கை? இலக்கண நூல்கள் இதற்குத் தெளிவாகவே விடை சொல்கின்றன. இறந்தவரை எண்ணி, எஞ்சியிருப்பவர் செயலற்றுப் புலம்புவது கையறுநிலை. கை என்பது இங்கே செயலைக் குறிக்கும். பாரி இறந்தபின் கபிலருக்கும், அதியமான் இறந்தபின் ஔவைக்கும், கோப்பெருஞ்சோழன் இறந்தபின் பொத்தியாருக்கும் அந்த நிலை வந்தது. போனவர் நிறைவாக வாழ்ந்து போனார். அவர் போனதால் இருப்பவரின் கை அறுந்தது. நம் இரங்கல் மொழி இன்றுவரை இந்த வரிசையிலேயே நிற்கிறது.

மனச்சோர்வு நோயால் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும்போது இந்த வரிசை பொருந்தாமல் போகிறது. பாயைவிட்டு எழ முடியாமல், குளிக்க முடியாமல், தட்டில் போட்ட சோற்றைப் பிசைய முடியாமல் அவர் பல மாதங்கள் கிடந்திருக்கிறார். சாவதற்கு வெகுகாலம் முன்பே அவர் கை அறுந்துவிட்டது. கையறுநிலையில் இருந்தவர் அவர். கை ஓடிக்கொண்டிருந்தவர்கள் நாம். அப்படியானால் அவருக்காக எழுதப்படும் இரங்கல் எப்படி இருக்க வேண்டும்? நம்மிடம் இருக்கும் வடிவங்கள் அதற்குப் போதுமானவையா? ஒரு நினைவுமலரைப் படித்தபின் இந்தக் கேள்விகளை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

மன்னார் வளைகுடாக் கரையில் மரப்படகு கட்டிவந்த ஓடாவி ஒருவருக்காக, அவர் இறந்த ஓராண்டு நிறைவில் வெளியிடப்பட்ட மலர் அது. அவர் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. அவர் மனைவி அப்படித்தான் விரும்பினார். அவர்களின் மகள் என் மாணவி. இளங்கலை இறுதியாண்டில், அப்பாவின் தொழிற்சொற்களைத் தொகுத்து ஆய்வேடு செய்தவள். அந்தச் சொற்களின் வழியாகத்தான் எனக்கு அவரைத் தெரியும். நாற்பத்தெட்டுப் பக்க மலரில் ஏழு கட்டுரைகள், இரண்டு கவிதைகள். எழுதிய ஒன்பது பேரும் ஆண்கள். அவர்களின் அன்பை நான் ஐயப்படவில்லை. அவர்கள் கையாண்ட மொழியைத்தான் ஆராய விரும்புகிறேன்.

ஒன்பது எழுத்துகளும் அவர் கைகளைப் பாடுகின்றன. மரத்தின் மொழி அறிந்த கை, உளிக்கு உயிர் கொடுத்த கை, கடலுக்குக் குழந்தைகளைப் பெற்றுத் தந்த கை. பிறவிக் கலைஞர், கைவந்த வரம், ரத்தத்திலேயே ஊறிய திறமை என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தொழிலாளியின் திறமை அவர் ரத்தத்தில் இருப்பதாகச் சொல்வது எந்த மொழி என்று நமக்குத் தெரியும். சாதி பேசும் மொழி அது. பத்து வயதில் தோணி கட்டும் துறையில் எடுபிடியாகச் சேர்ந்து, அடிவாங்கி, ஆணி பொறுக்கி, பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சொந்தமாக ஏரா வைத்தவரின் உழைப்பை 'வரம்' என்ற ஒரு சொல் அழித்துவிடுகிறது. வரத்துக்குக் கூலி கேட்க முடியாது. வரம் பெற்றவருக்கு நோய் வரும் என்று யாரும் எண்ணுவதுமில்லை.

என் மாணவியின் சொற்றொகுப்பு அவருக்குச் செய்திருக்கும் மரியாதையை மலர் செய்யவில்லை. படகின் அடியில் முதலில் கிடத்தும் நீண்ட கட்டை ஏரா. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். உள்ளே விலா எலும்புபோல நிற்பவை வங்குகள். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து இறுக்குவது கலப்பத்து. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அவர் சொன்ன விளக்கம் இருக்கிறது. வங்கு என்ற சொல்லுக்குக் கீழே இருப்பது இது: வங்குக்கு நாட்டுக் கருவேல் வேண்டும், அதுவும் வளைந்து வளர்ந்த மரமாக வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நரம்பு அறுபட்டுப்போகும், அலை அடிக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். தானே வளைந்த மரத்தில் நரம்பும் வளைவோடு ஓடும். அதனால் வங்கு தேடி அவர் கண்மாய்க் கரைகளில் நாள்கணக்கில் அலைவார். வரைபடம் கிடையாது, கண்மட்டம், கயிறு, முழக்கோல் அவ்வளவுதான். கலப்பத்து முடித்துத் தண்ணீரில் இறக்கினாலும் முதலில் கொஞ்சம் கசியும், மரம் நீர் குடித்து ஊதியபின்தான் இடுக்கு மூடும், அதுவரை பதறக் கூடாது என்று இளைய தச்சர்களுக்குச் சொல்வாராம். ஒரு மனிதர் எதை அறிந்திருந்தார், எதைக் கற்றுக்கொடுத்தார் என்பதை இந்த விவரங்களே சொல்லிவிடுகின்றன. 'மரத்தின் மொழி' என்ற உருவகத்தில் ஒரு மரத்தின் பெயர்கூட இல்லை.

மலரில் இன்னொரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: தன்னந்தனியாக நூற்றுக்கும் மேற்பட்ட வள்ளங்களைக் கட்டியவர். ஒரு வள்ளத்தைத் தன்னந்தனியாக யாரும் கட்ட முடியாது. பலகையை அனல் காட்டி வளைத்துப் பிடிக்கவே நாலு பேர் வேண்டும். அவரோடு வேலை செய்தவர்கள் இருந்தார்கள். கலப்பத்துக்கான பஞ்சைத் திரியாகத் திரித்தவர் அவர் மனைவி. கூலிக் கணக்கும் மரக் கணக்கும் அளவுக் கணக்கும் அவர் கையெழுத்தில்தான் இருந்தன, ஏனென்றால் ஓடாவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம் கரையோரப் படகுகளுக்குப் பெண் பெயர்களும் அம்மன் பெயர்களும் மாதா பெயர்களும் நிறையவே உண்டு. அணியத்தில் பெண்ணின் பெயரை எழுதிவிட்டு, கட்டிய கணக்கிலிருந்து அவளை நீக்கிவிடுவது நமக்கு இயல்பாக இருக்கிறது.

அந்தக் கணக்கு நோட்டுகளை அவர் மனைவி எனக்குக் காட்டினார். நீளவாக்கில் கோடு போட்ட, காலணி அட்டைபோல் தடித்த மேலட்டை கொண்ட நோட்டுகள். தேதி, ஆள்கூலி, ஆணி எத்தனை கிலோ, பலகை எத்தனை அடி. கடைசி இரண்டு நோட்டுகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. ஓடாவி வேலைக்கு வராத நாட்களில் முதலில் 'லீவு' என்று எழுதியிருக்கிறார். சில மாதங்கள் கழித்து 'உடம்பு சரியில்லை'. அதற்கும் பிறகு, வேறு எந்த விளக்கமும் இல்லாமல், 'கை ஓடல'. ஒரு மாதத்தில் நாலு நாள், அடுத்த மாதத்தில் ஒன்பது நாள், பிறகு பக்கம் முழுக்க அதே இரண்டு சொற்கள்.

"காய்ச்சல் இல்ல, வலி இல்ல மிஸ். துறைக்குப் போவாவ, உளியக் கையில எடுப்பாவ, அப்படியே உக்காந்திருப்பாவ. என்னன்னு எழுதுறதுன்னு எனக்குத் தெரியல. பார்த்தத எழுதுனேன்" என்றார்.

பார்த்ததை எழுதினேன் என்பது விமர்சகர்களும் கவிஞர்களும் சொல்ல ஆசைப்படும் வாக்கியம். உறக்கம் கெடுதல், ஆர்வம் வற்றிப்போதல், உடல் கல்லாய்க் கனத்தல், தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், இவை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவம் அதை மனச்சோர்வு நோய் என்கிறது. அந்தப் பெயர் தெரியாமலேயே அதன் போக்கை நாள்வாரியாகப் பதிவுசெய்திருக்கிறார் இந்தப் பெண். கையறுநிலைக்குத் தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சுத் தமிழில் ஓர் உரை எழுதச் சொன்னால், 'கை ஓடல' என்பதைவிடத் துல்லியமாக எழுத எனக்கு வராது.

ஆனால் மலரில் அவர் எப்படி வருகிறார்? ஒரு கட்டுரை, கலைஞனின் தனிமையைப் புரிந்துகொள்ள வீட்டில் யாரும் இல்லை என்கிறது. இன்னொன்று, அருகில் இருந்தவர்கள் கொஞ்சம் முன்பே கவனித்திருக்கலாம் என்று ஆதங்கப்படுகிறது. அருகில் இருந்தவர்கள் என்ற பன்மைக்குள் இருப்பது ஒரே ஒரு பெண். அவர் கவனித்தார். சொந்தக்காரர்களிடம் சொன்னார்; வேண்டுதல் வைக்கச் சொன்னார்கள். சங்கத்தில் சொன்னார், வேலையில் இறங்கினால் எல்லாம் சரியாகும் என்றார்கள். குடியைக் காரணம் காட்டினார்கள். அவர் குடிப்பவர் இல்லை. கடைசியில் தானே ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கான மருந்து வேலைசெய்யத் தொடங்கப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் தூக்கக் கலக்கமோ வயிற்றுத் தொல்லையோ வரலாம், அப்போது தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதை அந்தக் கூட்ட நெரிசலில் யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. ஒன்பதாம் நாள், உளி பிடிக்கும்போது தலை சுற்றுகிறது என்று அவர் நிறுத்திவிட்டார். நோட்டில் அதுவும் இருக்கிறது: 'மாத்திரை வேண்டாம்னுட்டாவ.'

"இப்ப எல்லாரும் எங்கிட்டதான் கேக்காவ, நீ பாக்கலியான்னு. பாத்தத யாருகிட்ட சொல்ல மிஸ்?" என்ற அவர் கேள்விக்கு அந்த நாற்பத்தெட்டுப் பக்கங்களில் பதில் இல்லை.

இந்த இடத்தில் புறநானூற்றின் 256ஆம் பாடலை மறுபடி வாசிக்கத் தோன்றுகிறது. பாடியவர் பெயர் தெரியாத பாடல். கணவனோடு காட்டுவழியே வந்த பெண், வண்டிச் சக்கரத்தின் ஆரத்தைப் பற்றிக்கொண்டு வந்த பல்லியைப்போல அவனைப் பற்றி வந்தவள், அவன் இறந்தபின் ஊர்க் குயவரை விளித்து, தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாக வனையும்படி கேட்கிறாள். காதலின் உச்சமாகவே இந்தப் பாடலை வகுப்பறைகள் கொண்டாடி வந்திருக்கின்றன. எனக்கு இதில் தெரிவது வேறு. துயரப்படும் பெண்ணுக்குத் தாழிக்கு வெளியே ஓர் இடம் இருப்பதாக அவளுக்கே தோன்றவில்லை. கூட முடிந்துபோனால் அவள் துயரம் கவிதையாகிறது. உயிரோடு எஞ்சினால் விசாரணைக்கு உள்ளாகிறாள்.

அந்தப் பாடலில் பேசாமல் நிற்கும் இன்னொருவர் இருக்கிறார், அந்தக் குயவர். 228ஆம் பாடலில் ஐயூர் முடவனாரும் ஒரு குயவரைத்தான் விளிக்கிறார்: சோழன் கிள்ளிவளவனின் புகழுக்கேற்ற தாழி வனைய வேண்டுமானால் நிலத்தைச் சக்கரமாகவும் பெருமலையை மண்ணாகவும் கொள்ள வேண்டுமே, உன்னால் முடியுமா என்கிறார். கலம் என்ற சொல்லுக்குத் தமிழில் மண்பாண்டமும் பொருள், கப்பலும் பொருள். கலம் செய்பவரை நம் பழம்பாடல்கள் அழைத்திருக்கின்றன, பிறர் சாவுக்கு வேலை சொல்வதற்காக. கலம் செய்த குயவர் ஒருவரின் இறப்புக்குப் பாடப்பட்ட கையறுநிலை புறநானூற்றில் இல்லை. மன்னர்களுக்கும் வள்ளல்களுக்கும் வீரர்களுக்கும் உரிய துறை அது. இந்த ஓடாவிக்கு ஒரு நினைவுமலர் வந்திருப்பதே அந்த வகையில் பெரிய செய்திதான். ஆனால் மலரை எழுதியவர்கள் அவரைத் தொழிலாளியாக வைத்துப் பாடாமல், மன்னராக்கிப் பாடியிருக்கிறார்கள். மன்னர்களுக்கு நோய் இருக்காது. அவர்கள் முடிவுகளை எடுப்பார்கள்.

அதனால்தான் மலரின் இரண்டு கட்டுரைகள் ஒன்றுக்கொன்று எதிராக நின்றும் ஒரே தவற்றைச் செய்கின்றன. தன் கலைக்கு மதிப்பில்லாத காலத்தில் வாழ மறுத்த மானமுள்ளவர் என்கிறது ஒன்று. இவ்வளவு திறமை இருந்தும் கோழைத்தனமான முடிவை எடுத்துவிட்டார் என்கிறது மற்றொன்று. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைப் பாடிய மரபு முதல் கட்டுரைக்குப் பின்னால் இருக்கிறது. ஆண் என்றால் தாங்க வேண்டும் என்ற தெருமுனை அறிவுரை இரண்டாவதற்குப் பின்னால் இருக்கிறது. இரண்டும் இதை ஓர் ஆணின் தீர்மானமாகவே பார்க்கின்றன. நோய் தீர்மானத்தைக் கைப்பற்றிக்கொள்ளும் என்பது இரண்டுக்கும் தெரியவில்லை. சட்டமேகூட இவர்களைவிட ஒரு படி முன்னே வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது.

மூன்றாவதாக ஒரு விளக்கமும் மலரில் உண்டு: ஃபைபர் படகுதான் அவரைக் கொன்றது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்திறங்கிய கண்ணாடியிழைப் படகுகள் தமிழகக் கரையில் கட்டுமரத்தையும் சிறு மரப்படகையும் பெருமளவு ஓரங்கட்டிவிட்டன. கைத்தொழில் அழிவது தொழிலாளியின் மனத்தைத் தின்னும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நோட்டு வேறொன்றும் சொல்கிறது. 'கை ஓடல' என்று பக்கம் முழுக்க இருக்கும் மாதத்தில்தான் இரண்டு வள்ளங்களுக்கு முன்பணம் வந்திருக்கிறது. வேலை இல்லாததால் அவர் உட்கார்ந்திருக்கவில்லை. வேலை காத்திருந்தது, கை எழவில்லை. சமூகக் காரணங்களைப் பேசுவது பெண்ணியத்தின் முதல் பாடம். அந்தப் பாடத்தை, நோயின் பெயரைச் சொல்லக் கூசுவதற்கு ஒரு திரையாகப் பயன்படுத்தக் கூடாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டு இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். நூற்றில் ஏறத்தாழ 72 பேர் ஆண்கள். அதேவேளை, மனச்சோர்வு பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அழவும் உதவி கேட்கவும் ஆணுக்கு நாம் விதித்திருக்கும் தடை எவ்வளவு விலை வாங்குகிறது என்பது புரியும். ஆணாதிக்கம் ஆண்களையும் உண்கிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதே கணக்கில், இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லத்தரசிகள். அவர்களுக்கு நினைவுமலர் வருவதில்லை. அவர்கள் கைத்திறனைப் பாட ஒருவரும் எழுவதில்லை. குடும்பத்தில் என்ன பிரச்சினை என்று மட்டும் ஊர் கேட்கும். ஆணின் மனச்சோர்வு கலைஞனின் தனிமையாகிறது, பெண்ணின் மனச்சோர்வு வீட்டுச் சண்டையாகிறது. இரண்டு இடத்திலும் நோய் பெயரில்லாமல் போகிறது.

பெண்கள் கையில் ஒரு வடிவம் இருந்தது. ஒப்பாரி. இறந்தவரைப் புகழ்வதோடு அது நிற்பதில்லை. கோபப்படும், கணக்குக் கேட்கும், வராத உறவைப் பெயர் சொல்லித் திட்டும், போனவரையே ஏன் போனாய் என்று உலுக்கும். இரங்கல் கட்டுரைக்கு இல்லாத துணிச்சல் ஒப்பாரிக்கு உண்டு. இப்படிப்பட்ட சாவு வீடுகளில் முதலில் மௌனமாக்கப்படுவதும் ஒப்பாரிதான். காவல்துறை விசாரணை, உடற்கூறாய்வு, வெளியே தெரியக்கூடாது என்ற பெரியவர்களின் அதட்டல், சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். அந்த வீட்டிலும் மாரடிக்க வந்த பெண்களை வாசலிலேயே அமர்த்திவிட்டார்களாம். பாட வேண்டியவர்கள் வாயடைக்கப்பட்டார்கள். ஓராண்டு கழித்து ஒன்பது ஆண்கள் எழுதினார்கள்.

இரங்கலே வேண்டாம் என்பது என் வாதமில்லை. அவரை இழந்தது பேரிழப்பு. வளைந்த கருவேலின் நரம்பைக் கண்ணால் தொடரத் தெரிந்த இன்னொருவர் அந்தக் கரைக்கு எப்போது வருவார் என்று எனக்குத் தெரியாது. அவர் திறமையை நோயின் காரணமாகவோ, நோயைத் திறமையின் விலையாகவோ எழுத வேண்டாம் என்கிறேன். வள்ளம் அவர் கற்றது; மனச்சோர்வு அவருக்கு வந்தது. சிகிச்சையால் இந்த நோயிலிருந்து மீண்டு மறுபடி தொழிலுக்குத் திரும்பியவர்கள் ஏராளம். அவர் மீண்டிருந்தாலும் அதே திறமையோடுதான் உளி பிடித்திருப்பார். டெலி-மனாஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை, கவனித்துக்கொள்பவரும் அழைக்கலாம். இந்த ஒரு வரிக்கு நாற்பத்தெட்டுப் பக்கங்களில் இடம் இருந்திருக்க வேண்டும்.

அந்த மலருக்கு என்னை எழுதக் கேட்டிருந்தால் கவிதை தந்திருக்க மாட்டேன். இவ்வளவுதான் எழுதியிருப்பேன்: இவர் வள்ளம் கட்டினார். பலரோடு சேர்ந்து கட்டினார், நன்றாகக் கட்டினார். வங்குக்கு மரம் தேடுவது எப்படி என்று மகளுக்கும் இளையவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. அவர் மனைவி அதைப் பார்த்தார், எழுதிவைத்தார், பலரிடம் சொன்னார், மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். சொன்னதைக் கேட்டவர்கள் போதாது. நோயால் இவர் இறந்தார்.

இதில் அணியும் இல்லை, உவமையும் இல்லை. ஆனால் இதை முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தால், அதே கரையில் இன்னொரு வீட்டில் கை ஓடாமல் படுத்திருப்பவரும், அவருக்குப் பக்கத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் நோட்டோடு உட்கார்ந்திருப்பவளும், தாங்கள் இருப்பது எந்த இடம் என்று கண்டுகொண்டிருப்பார்கள்.